உண்ணியும் உண்ணாமையும்

2025ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் 'பயோஎதிக்ஸ்' என்னும் ஆய்விதழில் ஒரு கட்டுரை வெளிவந்தது. அமெரிக்காவின் மேற்கு மிச்சிகன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பார்க்கர் க்ரட்ச்ஃபீல்டு, பிளேக் ஹெரெத் என்னும் இருவர் எழுதியது. அதன் வாதம் இது. ஊன் உண்பது அறத்துக்குப் புறம்பானது என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். ஒருவகை உண்ணி கடித்தால் மனிதருக்கு ஆட்டிறைச்சி, மாட்டிறைச்சி, பன்றியிறைச்சி ஆகியவை ஒவ்வாமல் போகின்றன. அவர்கள் ஊனைக் கைவிடுகிறார்கள். உலகம் மேலும் மோசமாவதை ஒரு செயல் தடுக்குமானால், யாருடைய உரிமையையும் அது மீறாதிருக்குமானால், நல்லொழுக்கத்தையும் வளர்க்குமானால், அச்செயலைச் செய்வது நம் கடமை. ஆகவே இந்த ஒவ்வாமை பரவுவதைத் தடுப்பது தவறு. பரவச் செய்வதே கடமை.

இக்கட்டுரையைப் பற்றிய செய்தி இணையத்தில் சுற்றியபோது நம் நண்பர் வட்டத்திலும் வந்து சேர்ந்தது. புலால் மறுத்த நண்பர்கள் சிலர் அதைச் சிரிப்புடன் பகிர்ந்துகொண்டனர். 'இயற்கையே பாடம் புகட்டத் தொடங்கிவிட்டது' என்று ஒருவர் எழுதியிருந்தார். அவர் நல்ல வாசகர், நல்ல மனிதர். அந்த ஒரு வரிதான் நம்மை இதை எழுதத் தூண்டியது. நாமும் பல்லாண்டுகளாகப் புலால் உண்ணாதவரே என்பதை முதலிலேயே சொல்லிவிடுவது நேர்மை. நம் தரப்புக்கு ஆள் சேர்க்கும் வேலையை ஒரு பூச்சியிடம் ஒப்படைக்க நமக்கு விருப்பமில்லை. பூச்சி என்பதும் பிழைதான். உண்ணிக்கு எட்டுக் கால். அது சிலந்தியின் உறவு.

தமிழாசிரியருக்கு இந்தச் சொல்லில் ஒரு மயக்கம் உண்டு. உண் என்னும் வினையிலிருந்து பிறந்தது உண்ணி. உண்பது எதுவோ அது உண்ணி. ஊனுண்ணி, தாவர உண்ணி, அனைத்துண்ணி என்றெல்லாம் பள்ளிப் பாடநூல் விலங்குகளைப் பிரிக்கிறது. மாட்டின் மடியிலும் நாயின் காதிலும் ஒட்டிக்கொண்டிருப்பதற்கு மட்டும் அடைமொழி எதுவும் தேவைப்படவில்லை. உண்பதைத் தவிர வேறு தொழில் அறியாத உயிர் என்று நம் முன்னோர் அதற்கு வெறும் 'உண்ணி' என்றே பெயரிட்டுவிட்டார்கள் போலும். அந்த உண்ணி ஓர் ஊனுண்ணியைக் கடித்துத் தாவர உண்ணியாக மாற்றுகிறது என்று சொன்னால் கவியரங்கில் கைதட்டல் கிடைக்கும். ஆனால் இந்நோயின் வரலாற்றைப் படித்த பிறகு நமக்கு அந்தச் சொல்விளையாட்டில் மனம் செல்லவில்லை. வரலாறே அதைவிடச் சுவையானது. சில இடங்களில் கொடியது.

கதை இறைச்சியில் தொடங்கவில்லை. புற்றுநோய் மருந்து ஒன்றில் தொடங்குகிறது. செடக்சிமாப் என்பது அதன் பெயர். 2004 பிப்ரவரியில் அமெரிக்க அரசின் அனுமதி பெற்றது. (இம்மருந்தை உருவாக்கிய இம்க்ளோன் நிறுவனத்தின் பங்குகளை 2001 டிசம்பரில் விற்ற விவகாரத்தில்தான் தொலைக்காட்சிப் புகழ் மார்த்தா ஸ்டூவர்ட் சிறை சென்றார். மருந்தின் பெயர் அறியாதவர்களுக்கும் அந்தக் கதை தெரிந்திருக்கும்.) நரம்பின் வழியே ஏற்றப்படும் இம்மருந்து பெரும்பாலான இடங்களில் பெரிய தொல்லை தரவில்லை. கடும் ஒவ்வாமை நூற்றுக்கு மூவருக்கோ அதற்கும் குறைவானவர்களுக்கோதான் வந்தது. ஆனால் டென்னசி, வட கரோலினா மாநிலங்களில் மட்டும் நிலைமை வேறாக இருந்தது. 2007இல் வெளிவந்த ஓர் ஆய்வில் அங்கே சிகிச்சை பெற்ற 88 பேரில் 22 விழுக்காட்டினர் முதல் முறை மருந்து ஏறும்போதே மூச்சுத்திணறி, இரத்த அழுத்தம் வீழ்ந்து தத்தளித்திருக்கிறார்கள். ஒரே மருந்து, ஒரே அளவு; மாநில எல்லையைத் தாண்டினால் நஞ்சாகிறது.

முதல் முறையே ஒவ்வாமை வருவதுதான் இதில் விந்தை. ஒவ்வாமைக்கு ஓர் இலக்கணம் உண்டு. உடல் ஒரு பொருளை முன்பே ஒருமுறை சந்தித்து, அதற்கெதிராக ஐ.ஜி.ஈ. எனப்படும் வகை எதிர்ப்பொருளைச் செய்து வைத்திருக்கவேண்டும். அந்த எதிர்ப்பொருள் மாஸ்ட் செல்கள் என்னும் உயிரணுக்களின் மேல் காவலாளிபோல் அமர்ந்திருக்கும். அடுத்த முறை அதே பொருள் வரும்போது அச்செல்கள் வெடித்து ஹிஸ்டமின் முதலியவற்றைக் கொட்டும். தோல் தடிக்கும், தொண்டை அடைக்கும், இரத்த அழுத்தம் விழும். அப்படியானால், வாழ்நாளில் செடக்சிமாப்பையே கண்டிராத டென்னசிக்காரர் ஒருவரின் உடலுக்கு அது எப்படி முன்பே அறிமுகம்?

வர்ஜீனியா பல்கலைக்கழகத்து ஒவ்வாமை அறிஞர் தாமஸ் பிளாட்ஸ்-மில்ஸின் குழு பங்கேற்ற ஆய்வு இதற்கு விடை தந்தது. 2008இல் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதழில் வெளிவந்த அக்கட்டுரையின் எண்களை ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. மருந்து பெற்ற 76 பேரில் 25 பேருக்கு ஒவ்வாமை வந்தது. அந்த 25இல் 17 பேரின் குருதியில் மருந்துக்கெதிரான ஐ.ஜி.ஈ. சிகிச்சைக்கு முன்பே இருந்தது. ஒவ்வாமை வராத 51 பேரில் ஒருவரிடம் மட்டுமே அது இருந்தது. புற்றுநோயே இல்லாதவர்களைச் சோதித்தபோது டென்னசியில் 72 பேரில் 15 பேரிடம் அந்த எதிர்ப்பொருள் இருந்தது. பாஸ்டன் பகுதியில் 341 பேரில் இருவரிடம் மட்டுமே. அது எதை எதிர்க்கிறது என்று தேடியதில் கிடைத்தது ஒரு சர்க்கரை. எலியின் உயிரணுக்களில் வளர்க்கப்படும் மருந்தாதலால் எலியின் சர்க்கரை ஒன்று அதன்மேல் ஒட்டிக்கொண்டிருந்தது: காலக்டோஸ்-ஆல்ஃபா-1,3-காலக்டோஸ். சுருக்கமாக ஆல்ஃபா-கால்.

இந்தச் சர்க்கரையின் வரலாறு நம் இனத்தின் வரலாற்றோடு பின்னிக் கிடக்கிறது. ஆடு, மாடு, பன்றி, மான், நாய், எலி எனப் பாலூட்டிகள் ஏறக்குறைய எல்லாவற்றின் உடலிலும் அது உண்டு. தென் அமெரிக்கக் குரங்குகளுக்கும் உண்டு. ஆசிய, ஆப்பிரிக்கக் குரங்குகளுக்கும் வாலில்லாக் குரங்குகளுக்கும் மனிதருக்கும் மட்டும் இல்லை. ஏறத்தாழ இரண்டு, மூன்று கோடி ஆண்டுகளுக்கு முன் நம் பொது மூதாதையரிடத்தில் அதைச் செய்யும் மரபணு பழுதடைந்துவிட்டது. ஏதோ ஒரு கிருமி அந்தச் சர்க்கரையைப் பற்றிக்கொண்டு உள்ளே நுழைந்திருக்கலாம், அது இல்லாதவர்கள் பிழைத்திருக்கலாம் என்பது ஓர் ஊகம். எப்படியாயினும், இல்லாத பொருள் அயற்பொருள். நம் குடலில் வாழும் பாக்டீரியாக்களும் அதைச் சுமந்திருப்பதால் பிறந்த சில காலத்திலேயே நம் உடல் அதற்கெதிராக ஐ.ஜி.ஜி. வகை எதிர்ப்பொருளைச் செய்யத் தொடங்குகிறது. குருதியிலுள்ள அவ்வகை எதிர்ப்பொருளில் நூற்றில் ஒரு பங்கு இதற்கென்றே ஒதுக்கப்பட்டிருக்கிறது என்பதை 1984இல் ஊரி காலிலி என்னும் அறிஞர் கண்டறிந்தார். பன்றியின் உறுப்பை மனிதருக்குப் பொருத்தினால் உடல் உடனே நிராகரிப்பதற்கு முதற்காரணம் இதுவே. ஆனால் இந்த ஐ.ஜி.ஜி. நம்மை ஆட்டுக்கறி தின்ன விடாமல் தடுப்பதில்லை. நாம் எல்லோருமே ஆல்ஃபா-காலை எதிர்த்துக்கொண்டேதான் வாழ்கிறோம். பெரும்பாலோர்க்கு அது தெரிவதேயில்லை. டென்னசியில் மட்டும் யாரோ அந்தப் பழைய பகையை ஐ.ஜி.ஈ. என்னும் வேறு படையிடம் மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள்.

யார் என்பதற்கான தடயம் ஒரு வரைபடத்தில் கிடைத்தது. செடக்சிமாப் ஒவ்வாமை மிகுந்த மாநிலங்களின் படமும், ராக்கி மலைப் புள்ளிக் காய்ச்சல் என்னும் நோய் மிகுந்த மாநிலங்களின் படமும் பெரிதும் ஒத்துப்போயின. அந்தக் காய்ச்சலைப் பரப்புவது உண்ணி. இதே காலத்தில் ஆய்வாளர்களின் தலைவருக்கே ஓர் அனுபவம் நேர்ந்தது. 2007 ஆகஸ்டில் பிளாட்ஸ்-மில்ஸ் ப்ளூ ரிட்ஜ் மலைப்பகுதியில் நடைபயணம் போய்த் திரும்பினார். கணுக்கால்களில் நூற்றுக்கணக்கான உண்ணிக் குஞ்சுகள். கடித்த இடங்கள் வாரக்கணக்கில் அரித்தன. தன் குருதியைத் தானே சோதித்துப் பார்த்தார்; ஆல்ஃபா-காலுக்கான ஐ.ஜி.ஈ. ஏறிக்கொண்டே போனது. நவம்பரில் லண்டனில் ஒரு விருந்தில் ஆட்டிறைச்சி உண்டார். உண்டபோது ஒன்றுமில்லை. நள்ளிரவில் உடலெங்கும் தடிப்புகளோடு விழித்தார். வாழ்நாளின் பெரும்பகுதியைத் தூசிப்பூச்சி ஒவ்வாமையை ஆய்வதிலேயே செலவிட்டவர் அவர். தூசிப்பூச்சியும் உண்ணியும் ஒரே குலம். கதையில் வைத்தால் பத்திராதிபர் 'இது கொஞ்சம் அதிகம்' என்று திருப்பி அனுப்பிவிடுவார்.

ஆனால் உண்ணியை இறைச்சியோடு முதலில் பகிரங்கமாக இணைத்தவர் அவரல்லர் என்பதையும் சொல்லவேண்டும். ஆஸ்திரேலியாவின் சிட்னியில், வடக்குக் கடற்கரைப் புறநகர்களில் மருத்துவம் பார்த்துவந்த ஷெரில் வான் நுனென் என்னும் ஒவ்வாமை மருத்துவர், இறைச்சி ஒவ்வாமையுடன் தன்னிடம் வருவோர் திரும்பத் திரும்ப உண்ணிக் கடியையும் குறிப்பிடுவதைக் கவனித்தார். 2007இல் ஒரு மாநாட்டில் இதை அறிவித்தார். 2009இல் 25 நோயாளிகளைப் பற்றி விரிவாக எழுதினார். அவர்களில் 24 பேருக்கு உண்ணி கடித்த இடத்தில் பெரிய வீக்கம் வந்த வரலாறு இருந்தது. அவரிடம் மூலக்கூறு ஆய்வுக்கூடம் இல்லை. ஆல்ஃபா-கால் என்ற பெயரும் அவர் தொடங்கும்போது இந்நோயோடு சேர்ந்திருக்கவில்லை. நோயாளி சொன்னதைக் கேட்டார், எழுதி வைத்தார், அடுத்தவர் சொன்னதோடு ஒப்பிட்டார். அவ்வளவே. இந்த வரலாற்றில் நாம் மிகவும் மதிக்கும் இடம் இதுதான். ஆய்வுக்கூடத்துக் கதை பரபரப்பானதாதலால் இது அடிக்குறிப்பாகச் சுருங்கிப்போகிறது.

அமெரிக்காவில் இந்த வேலையைச் செய்வது 'லோன் ஸ்டார்' என்னும் உண்ணி. பெண்ணின் முதுகில் ஒற்றை வெள்ளைப் புள்ளி இருப்பதால் அந்தப் பெயர். ஆஸ்திரேலியாவில் வேறோர் இனம், ஐரோப்பாவில் வேறொன்று, ஜப்பானில் வேறொன்று. ஐரோப்பிய உண்ணியின் குடலில் ஆல்ஃபா-கால் இருப்பதை ஸ்வீடன் நாட்டு ஆய்வாளர்கள் 2013இல் காட்டினர். உண்ணி பலநாள் ஒட்டியிருந்து குருதி குடிக்கையில் தன் உமிழ்நீரை நம் தோலுக்குள் விடுகிறது. அதிலுள்ள ஏதோ ஒரு கலவை அந்தச் சர்க்கரையை எச்சரிக்கைக்குரிய பொருளாக உடலுக்கு அடையாளம் காட்டிவிடுகிறது. குடல் வழியே வந்தபோது பொறுத்துக்கொண்டதைத் தோல் வழியே வந்தபோது உடல் பொறுப்பதில்லை.

மருத்துவ உலகம் இதை நம்பத் தயங்கியதற்குக் காரணங்கள் இருந்தன. உணவு ஒவ்வாமை புரதத்தால் வரும், சர்க்கரையால் வராது. உண்ட சில நிமிடங்களில் வரும். தப்பினால் இரண்டு மணி நேரம். பாடநூலில் எழுதப்பட்ட இவ்விரு விதிகளையும் இந்நோய் மீறுகிறது. 2009இல் வர்ஜீனியாக் குழு விவரித்த 24 நோயாளிகளுக்கு இறைச்சி உண்டு மூன்று முதல் ஆறு மணி நேரம் கழித்தே உடல் தடித்திருக்கிறது. இரவு எட்டு மணிக்கு விருந்து. ஒரு மணிக்கு மரண பயம். ஏன் இந்தத் தாமதம்? ஆல்ஃபா-கால் புரதத்தில் மட்டுமின்றிக் கொழுப்பிலும் ஒட்டியிருக்கிறது. கொழுப்பு செரித்துக் குருதியில் கலந்து சிறு துகள்களாக உடலெங்கும் போய்ச்சேர மணிக்கணக்கில் ஆகும் என்பதே இன்று பலரும் ஏற்கும் விளக்கம். கொழுப்பு மிகுந்த கறி கடுமையான தொல்லை தருவதும், கொழுப்பில்லாத கறியைச் சிலர் தாங்கிக்கொள்வதும் இதற்கு இசைவாக இருக்கின்றன. மருந்து நேரே நரம்பில் ஏறியபோது சில நிமிடங்களிலேயே ஆபத்து வந்ததையும் இதனோடு வைத்துப் பார்க்கலாம்.

இந்த நோயாளியை எண்ணிப் பாருங்கள். ஐம்பது ஆண்டுகளாக உண்டுவந்த உணவு. உண்டபோது எந்தக் கேடும் இல்லை. ஒவ்வொரு முறையும் வருவதுமில்லை. நான்கு முறை உண்டால் ஒருமுறை வரும். நள்ளிரவில் வயிற்றுவலி, வாந்தி, வயிற்றுப்போக்கு. சிலருக்குத் தோலில் ஒரு தடிப்புகூட இராது. காலையில் மருத்துவரிடம் போனால் எல்லாம் சரியாகத்தான் இருக்கும். உணவு நச்சு என்பார். மனப் பதற்றம் என்பார். பெண்ணாயிருந்தால் இரண்டாவதைச் சற்று விரைவாகவே சொல்வார். எப்போதோ காட்டில் கடித்த உண்ணியை யார் நினைவுகூர்வார்? காரணத்துக்கும் விளைவுக்கும் நடுவே வாரங்கள். உணவுக்கும் நோய்க்கும் நடுவே ஓர் உறக்கம். அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையம் 2023 ஜூலையில் வெளியிட்ட அறிக்கைகளில், 1500 மருத்துவப் பணியாளர்களிடம் நடத்திய கணிப்பில் 42 விழுக்காட்டினர் இப்படியொரு நோயைக் கேள்விப்பட்டதேயில்லை என்றார்கள். 2010 முதல் 2022 வரை ஐயத்துக்குரிய நோயாளிகள் 1,10,000க்கு மேல் என்றும், உண்மையில் பாதிக்கப்பட்டோர் 4,50,000 வரை இருக்கக்கூடும் என்றும் அதே மையம் மதிப்பிட்டது. குடல் மருத்துவர்களின் சங்கம் அதே 2023இல்தான், காரணம் தெரியாத வயிற்றுவலி கொண்டோரிடம் உண்ணிக் கடியைப் பற்றிக் கேளுங்கள் என்று தன் உறுப்பினர்களுக்கு அறிவுறுத்தியது.

2025 நவம்பரில் ஒரு செய்தி வந்தது. நியூ ஜெர்சி மாநிலத்தைச் சேர்ந்த ஒருவர், நல்ல உடல்நலத்துடன் இருந்தவர், 2024 கோடையில் குடும்பத்தோடு வெளியில் கூடாரமிட்டுத் தங்கியிருந்தபோது இரவுணவாக மாட்டிறைச்சி உண்டார், நள்ளிரவுக்குப் பின் கடும் வயிற்றுவலியில் துடித்தார், காலையில் தேறிவிட்டார். இரண்டு வாரம் கழித்து ஒரு விருந்தில் ஹாம்பர்கர் உண்டார். ஏறக்குறைய நான்கு மணி நேரத்தில் இறந்துகிடந்தார். உடற்கூறாய்வில் காரணம் கிடைக்கவில்லை. திடீரென நேர்ந்த விளங்காத மரணம் என்றே எழுதினர். மனைவி விடவில்லை. தெரிந்த மருத்துவர் ஒருவர் வழியாக விவரம் வர்ஜீனியாவுக்குப் போனது. சேமித்து வைக்கப்பட்டிருந்த குருதியைச் சோதித்தபோது ஆல்ஃபா-கால் ஒவ்வாமை உறுதியாயிற்று. அந்தக் கோடையில் கணுக்காலில் சில கடிகள் இருந்தன. வேறு சிறுபூச்சி என்று எண்ணியிருந்தார்கள். உணவால் இந்நோய் கண்டு இறந்ததாக ஆவணப்படுத்தப்பட்ட முதல் மனிதர் அவர்.

இனி அந்த இரு தத்துவாசிரியர்களிடம் திரும்புவோம். யாருடைய உரிமையும் மீறப்படவில்லை என்கிறார்கள். நோய் இறைச்சியோடு நிற்பதாக அவர்கள் நினைப்பதே இதற்கு அடிப்படை என்று நமக்குத் தோன்றுகிறது. நிற்பதில்லை. சிலருக்குப் பாலும் பாலாடைக்கட்டியும் ஆகா. மாட்டுத் தோலிலும் எலும்பிலும் செய்யும் ஜெலட்டின் ஆகாது. மாத்திரைக் குப்பி பெரும்பாலும் ஜெலட்டின், சில தடுப்பூசிகளிலும் அது உண்டு. குருதி உறையாதிருக்கக் கொடுக்கும் ஹெப்பாரின் பன்றியின் குடலிலிருந்து வருவது. பழுதான இதய வால்வுக்குப் பதிலாக வைப்பது மாட்டினுடையதோ பன்றியினுடையதோ. இப்பட்டியலில் உள்ள ஒவ்வொன்றும் ஒருவர் அறுவை மேசையில் நினைவின்றிக் கிடக்கும்போது அவருக்குச் செலுத்தப்படக்கூடியது. புலாலே தொடாத ஒருவரையும் உண்ணி கடிக்கும். ஊனை மறுத்தவரா என்று அது கேட்டுக் கடிப்பதில்லை. அவருக்கு எந்தப் பாவத்துக்கான திருத்தம் இது?

இதைவிட நம்மை உறுத்துவது 'நல்லொழுக்கம்' என்னும் சொல். வள்ளுவர் புலால் மறுத்தலை இருபத்தாறாம் அதிகாரமாக வைத்தார். வைத்த இடம் துறவறவியல். இல்லறத்தானுக்கு அன்பும் ஒப்புரவும் ஈகையும் சொல்லி முடித்து, துறவுக்கு வந்த பிறகே ஊனைப் பற்றிப் பேசுகிறார். ஏன் என்பதில் உரையாசிரியர்களிடம் கருத்து பல உண்டு. அதற்குள் இப்போது போகவேண்டாம். அதிகாரத்தின் பெயரை மட்டும் பார்ப்போம். மறுத்தல். தன் முன்னே வைக்கப்பட்டதை, தன்னால் உண்ணமுடிவதை, உண்ணும் ஆசையும் ஒருவேளை உள்ளதை, ஒருவன் வேண்டாம் என்கிறான். துறவு என்பதே உள்ளதை விடுவது; இல்லாதவன் எதைத் துறப்பான்?

நம் மொழியில் இதற்கு இன்னொரு சான்று இருக்கிறது. இன்று 'உண்ணமாட்டேன்' என்றால் விருப்பமில்லை, உறுதியாக மறுக்கிறேன் என்று பொருள். பழந்தமிழில் மாட்டுதல் என்றால் இயலுதல். மாட்டேன் என்றால் என்னால் இயலாது. இயலாமையைக் குறித்த சொல் பல நூற்றாண்டுகளில் மெல்ல நகர்ந்து மறுப்பைக் குறிக்க வந்துவிட்டது. மொழிக்கு அந்தச் சலுகை உண்டு. அறம் பேசுகிறவருக்கு இல்லை. பழைய மாட்டேனைக் கொண்டுவந்து புதிய மாட்டேன் என்று காட்டுவதுதான் அக்கட்டுரை செய்யும் வேலை. உண்ணி கடித்தவர் கறியைப் பார்த்து அஞ்சுகிறார். ஆட்டின்மேல் இரங்குகிறாரென்று யார் சொன்னது? அவர் கோழிக்கும் மீனுக்கும் மாறுகிறார் என்பதே நடைமுறை. பறவையிலும் மீனிலும் ஆல்ஃபா-கால் இல்லை. ஒரு மாட்டிறைச்சிக்குப் பதில் எத்தனை கோழி என்று கணக்குப் போட்டால், உயிர்களை எண்ணிப் பார்க்கும் தத்துவத்துக்கு அது உவப்பாக இராது.

'இயற்கையின் பாடம்' என்ற நண்பருக்கும் ஒரு சொல். இந்தப் பரவலில் இயற்கையின் பங்கைவிட மனிதரின் பங்கே பெரிது. 1900ஆம் ஆண்டுவாக்கில் வேட்டையால் அமெரிக்காவின் வெண்வால் மான்கள் சில லட்சங்களாகச் சுருங்கியிருந்தன. இன்று ஏறத்தாழ மூன்று கோடி. ஓநாயையும் மலைச்சிங்கத்தையும் கிழக்கு மாநிலங்களில் மனிதரே அழித்தனர். கைவிட்ட வயல்களில் காடு மீண்டும் வளர்ந்தது; அந்தக் காட்டுக்குள்ளேயே வீடு கட்டிக் குடியேறினர். லோன் ஸ்டார் உண்ணி தன் வாழ்வின் மூன்று பருவத்திலும் மானை உண்டு வாழவல்லது. குளிர்காலம் மென்மையாகிவருவதால் வடக்கே நகர்கிறது. மாசச்சூசெட்ஸ் கரைக்கு அப்பால், செல்வர்களின் கோடை வாசத்துக்குப் பெயர்போன மார்த்தாஸ் வினியார்டு தீவில் 2020இல் விரல்விட்டு எண்ணத்தக்க சிலருக்கே இச்சோதனையில் நோய்க்குறி தெரிந்தது. 2024இல் ஐந்நூறு பேருக்கு மேல். ஆடு மாடுகளின் சார்பாக யாரும் அங்கே உண்ணியை ஏவவில்லை.

நோயை உருவகமாக்குவதன் கேட்டைப் பற்றி சூசன் சொன்டாக் 1978இல் ஒரு சிறுநூலே எழுதினார்; காசநோயையும் புற்றுநோயையும் வைத்து. புத்தகம் படித்த நமக்கு அந்தப் புத்தி வந்ததா என்பது ஐயமே. நாமே மேலே 'உண்ணி' என்னும் சொல்லோடு ஒரு பத்தி விளையாடினோம். இலக்கியக்காரருக்கு உருவகம் கைப்பழக்கம். நோயாளிக்கு அது பழிச்சொல்லாகப் போய்ச்சேர்கிறது. பன்றியின் அந்த மரபணுவை நீக்கி ஆல்ஃபா-கால் இல்லாத பன்றியை வளர்த்து, உணவுக்கும் மருத்துவத்துக்கும் பயன்படுத்த 2020 டிசம்பரில் அமெரிக்க அரசு அனுமதித்திருக்கிறது. அதிலிருந்தும் ஓர் உருவகம் செய்துவிடலாம். செய்யவேண்டாம்.

இந்நோய்க்கு இன்றுவரை உறுதியான மருந்து இல்லை. உண்ணியிடமிருந்து விலகியிருப்பதும் உணவில் விழிப்பும் எபினெஃப்ரின் ஊசியைக் கையில் வைத்திருப்பதுமே வழி. ஆனால் மீண்டும் கடிபடாதிருந்தால் ஐ.ஜி.ஈ. அளவு ஆண்டுக்காண்டு குறைகிறது. சிலர் மூன்று நான்கு ஆண்டுகளில், மருத்துவர் கண்காணிப்பில், சிறிது சிறிதாகப் பாலும் பிறகு இறைச்சியும் உண்ணத் தொடங்குகிறார்கள். மீண்டும் ஒரு கடி விழுந்தால் அளவு மறுபடி ஏறுகிறது. 2011இல் வர்ஜீனியாக் குழு பதிவுசெய்த மூவருக்குக் கடிபட்டபின் அது இருபது மடங்குக்குமேல் ஏறியிருந்தது. மிச்சிகன் அறிஞர்கள் சொல்லும் ஒழுக்கத்தையும் இந்த அளவுகோலில்தான் அளக்கவேண்டியிருக்கும். ஒரு மில்லிலிட்டர் குருதிக்கு இத்தனை அலகு என்று.